சொன்ன நேரமும் சேர்ந்த நேரமும்

அக்காவுக்கு இரண்டு பெயர். கோயிலில் ஞானஸ்நானத்தின்போது வைத்தது ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று. இரண்டையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்து, "ஏட்டி, உன் வாய் இன்னும் ஓயலையா?" என்று கேட்பாள். அவளிடம் ஏச்சு வாங்குகிற தெம்பு எனக்கு இப்போது இல்லை. பாளையங்கோட்டையில் நாங்கள் வேலை பார்த்த ஆபீஸில் முதலாளி அண்ணாச்சியைத் தவிர எல்லாருக்கும் அவள் அக்காதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வேலை என்றால் வரைபட வேலை. தொண்ணூறுகளின் பின்பாதி. சர்க்காரிடமிருந்து ஆற்றோர ஊர்களின் பழைய புல வரைபடங்கள் சுருள் சுருளாக வரும். அதைப் பெரிய மேசையில் விரித்து, வரப்பு வரப்பாகத் தொட்டுத் தொட்டுக் கணினிக்குள் ஏற்ற வேண்டும். முக்கூடலில் இருந்த நிலத்தை எல்லாம் எங்கள் அப்பா விற்றுத் தீர்த்துவிட்டார். அவர் மகள் நான் ஊரார் நிலத்துக்கெல்லாம் வரப்பு போட்டுக்கொண்டிருந்தேன். இதைச் சொல்லிச் சொல்லியே நான் ஆபீஸில் சிரிப்பேன். கையும் வேலை பார்க்கும், வாயும் வேலை பார்க்கும். அக்கா வேலை வேறு. எல்லாக் கணினிகளையும் ஒன்றோடு ஒன்று இணைத்து, அவை ஓடுகிறபடி பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவளுக்கு எதுவும் இரண்டு வேண்டும். மாராப்பில் இரண்டு ஊக்கு. வீட்டுச் சாவி கைப்பையில் ஒன்று, சாப்பாட்டுக் கூடையில் ஒன்று. சமாதானபுரம் பக்கத்தில் நல்ல காற்றோட்டமான வீடு ஒன்று வாடகைக்கு வந்தபோது, பின்வாசல் இல்லை என்று வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஒத்த வாசல் வீட்டுல எனக்குத் தூக்கம் வராது" என்றாள். அண்ணாச்சிக்கு அவளைக் கிண்டல் செய்யாவிட்டால் மத்தியானச் சோறு இறங்காது.

"ஏம்மா, மூக்குல கூட ரெண்டு ஓட்டை வச்சிருக்கியே, அது போதுமா, இன்னொண்ணு வேணுமா?"

"அதை வச்சது நான் இல்ல அண்ணாச்சி. வச்சவருக்கும் என் புத்திதான் போல."

அவள் கடற்கரைக்காரி. கட்டிக்கொடுத்ததும் கடற்கரை ஊரில்தான். "எங்க ஊர்ல வள்ளத்தை ஒத்தக் கயித்துல கட்டிட்டு எவனும் வீட்டுக்குப் போக மாட்டான்" என்பாள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நானும் பலவிதமாகக் கிண்டிப் பார்த்தேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும், அதனால்தான் இப்படி என்று நானாகவே கதை கட்டிப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

வீட்டுக்காரருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. நாங்கள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. ஒரு தடவை ஏறினால் மாதக்கணக்கில் வர மாட்டார். எந்தத் துறைமுகத்திலிருந்து எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. அதனால் அவருக்கு இரண்டு நம்பர் கொடுத்திருந்தாள். ஒன்று எங்கள் ஆபீஸ் போன். மற்றது அவர் ஊரில், மாமியார் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக்கடைப் போன். தூத்துக்குடியில் இருக்கிற கப்பல் ஏஜெண்டு ஆபீஸிலும் இதே இரண்டு நம்பரையும் எழுதிக் கொடுத்திருந்தாள். இது கிடைக்காவிட்டால் அது, அது கிடைக்காவிட்டால் இது.

கடிதமும் அப்படித்தான். ஒரே கடிதத்தை இரண்டாக எழுதுவாள். ஒன்று ஏஜெண்டு வழியாகப் போகும், இன்னொன்று கப்பல் அடுத்துத் தொடப்போகும் துறைமுகத்துக்கு நேரே போகும். இதில் ஒரு தடவை வேடிக்கை நடந்தது. அவளுக்குக் காய்ச்சல் வந்து, "நாலு நாளாகப் படுக்கை" என்று எழுதியிருக்கிறாள். பிறகு குணமாகி, "இப்போது சுகம்" என்று எழுதியிருக்கிறாள். அவருக்குச் சுகம் என்ற கடிதம் முதலில் கிடைத்திருக்கிறது, படுக்கை என்ற கடிதம் பின்னால். மனுஷன் பதறிப்போய் நடுராத்திரி என்றும் பாராமல் மளிகைக்கடைக்கு அடித்து, கடைக்காரரை எழுப்பி, பெரிய ரகளை.

"ரெண்டு வழி வச்சா சேதி தப்பாதுன்னு சொன்னீங்களே அக்கா" என்று நான் சிரித்தேன்.

"சேதி தப்பாது ஏட்டி. வரிசை தப்பும்" என்றாள்.

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் ஆபீஸ் கணினிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. வரைபடங்கள் எங்கள் கணினிகளில் இருக்காது. மூலையில் ஏ.சி. வைத்த சின்ன அறையில் சர்வர் என்று ஒரு பெரிய மெஷின். எல்லாப் படமும் அதற்குள். ஆனால் எங்கள் திரையில் பார்த்தால், நம் மெஷினிலேயே இருப்பது போலத்தான் தெரியும். திறக்கலாம், திருத்தலாம், சேமிக்கலாம். எல்லாம் ஒரு கறுப்புக் கேபிள் வழியாகப் போய் வரும். அந்த ஒரே கேபிள்தான் மேசை மேசையாக எல்லா மெஷினையும் தொட்டுக்கொண்டு போகும். நடுவில் எங்காவது ஒரு இடத்தில் கழன்றால் ஆபீஸ் முழுக்க ஸ்தம்பித்துவிடும். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வரும்: சர்வர் பதில் சொல்லவில்லை, இன்னும் முயல்கிறேன். அவ்வளவுதான். நீ என்ன தட்டினாலும் அசையாது. கேபிளை மாட்டினால், விட்ட இடத்திலிருந்து தானாகவே ஓட ஆரம்பிக்கும்.

கேபிளைக் கழற்றுவதில் அண்ணாச்சிதான் மன்னன். மேசைக்கு அடியில் காலால் செருப்பைத் துழாவுவார், நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவோம்.

"இது என்னம்மா கூத்து? கொஞ்ச நேரம் பாத்துட்டு, கிடைக்கலைன்னா விட்டுரச் சொல்ல முடியாதா அதுகிட்ட?" என்று ஒரு நாள் கேட்டார்.

"சொல்லலாம் அண்ணாச்சி. அப்படியும் ஒரு முறை இருக்கு. ஆனா அது பாதி எழுதின படத்தை அப்படியே போட்டுட்டுப் போயிரும். நின்னா நிக்கட்டும். விட்டுட்டு மட்டும் போகக்கூடாது."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பிடிவாதம் இருந்தது. அது கணினியைப் பற்றிய பிடிவாதம் மட்டுமில்லை என்று எனக்குப் பட்டது.

பிறகு அவள் அண்ணாச்சியை அரித்து அரித்து இரண்டாவது கேபிள் இழுக்க வைத்தாள். அதை மாட்ட ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டாவது நெட்வொர்க் கார்டு. ஒன்று தரையோரமாகப் போகிற கீழ் வழி, மற்றது சுவரில் ஆணி அடித்துப் போகிற மேல் வழி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே ஆபீஸ் வந்து, தரையில் உட்கார்ந்து, மெஷின் மெஷினாக அமைத்தாள். திங்கட்கிழமை எங்களைக் கூப்பிட்டுச் சொன்னாள். சர்வரில் உள்ள அதே படங்கள் இனிமேல் திரையில் இரண்டு பெயரில் தெரியும். ஒரு பெயரில் போனால் கீழ் வழி, மற்றதில் போனால் மேல் வழி. ஒன்று நின்றால் மற்றதில் போய்க்கொள்ளுங்கள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எல்லாருக்கும் அவள் காசில் முட்டைக்கோஸ் போட்ட பஜ்ஜி வாங்கித் தந்தாள். அதிலும் ஆளுக்கு இரண்டு.

வினை என் கையில்தான் வந்தது. சீவலப்பேரிப் படம் எனக்கு. ஆறு சேருகிற இடம், வரப்பெல்லாம் வளைந்து வளைந்து உயிரை வாங்கும். ஒரு மத்தியானம் சேமிக்கிறேன் என்று தட்டினேன், திரை நின்றுவிட்டது. அண்ணாச்சி பீரோவை நகர்த்தியதில் கீழ் வழி போயிருந்தது. சொல்லிக்கொடுத்தபடி நான் திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து, மேல் வழியில் அதே படத்தை எடுத்தேன். காலையில் போட்ட வரப்புகள் அதில் ஏறியிருக்கவில்லை. சரி என்று மறுபடியும் போட்டேன். போடும்போதுதான் கவனித்தேன், காலையில் ஒரு வரப்பைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். ஒருத்தரின் வயல் ஓரத்தை ஆற்றுக்குள் தள்ளியிருக்கிறேன். அதையும் திருத்திச் சேமித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். யாரோ கீழ் கேபிளைச் சரியாக மாட்டினார்கள்.

படம் அச்சாகி, சர்க்கார் ஆபீஸுக்குப் போய், திரும்பி வந்தது. அந்த வயல் ஆற்றுக்குள் கிடந்தது. சரிபார்க்க வந்த அதிகாரி அண்ணாச்சியை நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். அண்ணாச்சி என்னை நிற்க வைத்தார். நான் திருத்தினேன், என் கையால் திருத்தினேன் என்று தலையில் அடித்துச் சொன்னேன். யார் நம்புவார்கள்? அக்கா ஒருத்திதான் சத்தம் போடாமல் கேட்டாள்.

"எதை முதல்ல சேமிச்ச, எதைப் பின்னால சேமிச்ச?"

"தப்பானது முதல்ல. அது நின்னுபோச்சு. திருத்தினது பின்னால. ஆனா சர்வர்ல பாத்தா, கடைசியா வந்ததுன்னு நேரம் போட்டு, தப்பானதுதான் கிடக்கு."

அவள் திரையில் இருந்த அந்த நேரத்தை விரலால் தொட்டாள்.

"கடைசியா வந்ததுதான். கடைசியா சொன்னது இல்ல" என்றாள். "நீ முதல்ல சொன்னது கீழ் வழியில மாட்டிக்கிட்டு நின்னுருக்கு. அது விடாதுல்லா, முயற்சி பண்ணிக்கிட்டே இருந்திருக்கு. நீ பின்னால சொன்னது மேல் வழியில சட்டுன்னு போய்ச் சேர்ந்துட்டு. கேபிளை மாட்டினதும் பழசு ஓடி வந்து புதுசு மேல ஏறிட்டு. வந்து சேர்ந்த நேரத்தைத்தான் சர்வர் எழுதும். சொன்ன நேரம் அதுக்குத் தெரியாது."

பிறகு அண்ணாச்சியிடம் போய், "தப்பு அவ மேல இல்ல. ஒரே இடத்துக்கு ரெண்டு பேரு வச்சவ நான்" என்றாள். அந்த வாரமே எல்லாவற்றையும் மாற்றினாள். ஒரு மெஷினுக்கு ஒரு பெயர், ஒரு வழி. பாதிப் பேர் கீழ் கேபிளில், பாதிப் பேர் மேல் கேபிளில். ஒன்று செத்தால் அவளே வந்து, போய்ச் சேராமல் நடுவில் தொங்குவது என்ன என்று பார்த்து முடித்துவிட்டுத்தான் வழியை மாற்றுவாள். மெஷினை மாற்றினாளே தவிர, தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. ஊக்கு இரண்டு, சாவி இரண்டு, போன் நம்பர் இரண்டு எல்லாம் அப்படியே இருந்தன.

ஐப்பசி மாதம். அடைமழை. புதன்கிழமை காலை ஆபீஸ் போன் அடித்தது. அண்ணாச்சி எடுத்துவிட்டு, "உனக்குத்தாம்மா, தூத்துக்குடி" என்று நீட்டினார். அக்கா நின்றுகொண்டே கேட்டாள். சரி, சரி என்றாள். நடுவில் ஒரு தடவை "எப்ப?" என்றாள். பிறகு ரிசீவரைப் பைய வைத்தாள்.

"அவரைக் காணோமாம்" என்றாள் எங்களைப் பார்த்து. "நேத்து காலையில. மேல்தட்டுல சரக்குக்குக் கயிறு கட்டிக்கிட்டு இருந்திருக்காரு. பெரிய அலை அடிச்சிருக்கு. இருட்டுற வரைக்கும் தேடியிருக்காங்க."

செல்வம் என்று எங்களோடு வேலை பார்த்த பையன் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. ஏஜெண்டு ஆபீஸில் கடைசியாகச் சொன்னதையும் சொன்னாள்.

"கடை நம்பருக்கும் சொல்லணும்னு அடிச்சாங்களாம். எங்கேஜா இருக்காம். அடிச்சுக்கிட்டே இருக்காங்களாம்."

அவள் சொல்லி முடிக்கவில்லை, போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை மாமியார். மளிகைக்கடையிலிருந்து. போனில் பேசினால் தூரத்துக்குக் கேட்காது என்று கத்திப் பேசுகிற அம்மா. ஆபீஸ் முழுக்கக் கேட்டது.

"மக்கா, அவன் நல்லா இருக்கான். பக்கத்து வீட்டு மகன் இப்பத்தான் துபாயில இருந்து கூப்பிட்டான். நேர்ல பாத்தானாம். உடம்பு தேறி நல்லா இருக்கானாம். ஊதாச் சட்டை போட்டிருந்தானாம். கிறிஸ்மசுக்கு வாரேன்னு சொல்லச் சொன்னானாம்."

அண்ணாச்சி "முருகா" என்று தலைக்கு மேல் கைகூப்பிவிட்டார். செல்வம் என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் அழுதேவிட்டேன். ஏஜெண்டு ஆபீஸில் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறான், அவன் நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டினேன். அக்கா மட்டும் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பதமாகக் கேட்டாள்.

"அத்தை, அவன் எப்பப் பாத்தானாம்?"

"இப்பத்தான் மக்கா போன் பண்ணான்."

"போன் பண்ணது இல்ல அத்தை. இவுகளைப் பாத்தது."

"ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு துறைமுகத்துல பாத்தானாம். அன்னைக்குச் சாயங்காலம் கப்பல் கெளம்பிட்டாம். அவனுக்கு இன்னைக்குத்தான் லைன் கெடைச்சிருக்கு, பாவம்."

அக்கா கண்ணை மூடினாள். திறந்தாள்.

"சரி அத்தை. சந்தோசம்" என்றாள். "வீட்டுக்குப் போயி ஏதாவது சாப்பிடுங்க."

"நான் போகல. மகனும் ஒரு வேளை கூப்பிட்டாலும் கூப்பிடுவான். இங்கனயே உக்காந்திருக்கேன்."

போனை வைத்தாள். அண்ணாச்சி பையில் கைவிட்டு, இனிப்பு வாங்கி வரச்சொல்லிச் செல்வத்திடம் ரூபாயை நீட்டிக்கொண்டிருந்தார். "கடைசியா வந்த சேதி நல்ல சேதியா வந்துட்டு, மாதா காப்பாத்திட்டாம்மா" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் என்னால் இத்தனை வருஷமாகத் தாங்க முடியவில்லை. சீவலப்பேரிப் படத்தின் முன்னால் உட்கார்ந்து என்னிடம் கேட்டாளே, எது முதலில், எது பின்னால் என்று, அதே பார்வை. எனக்குப் புரிந்துவிட்டது. ஞாயிறு பார்த்தது. செவ்வாய் அலை அடித்தது.

"ரெண்டும் பொய் இல்ல அண்ணாச்சி" என்றாள். "ஒண்ணு பழசு."

எனக்கு அவள்மேல் ஆத்திரம் வந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஒரு மணி நேரம், அரை மணி நேரம் நம்பினால் என்ன குறைந்து போகும்? ஊரே நம்பத் தயாராக நிற்கும்போது, இவளுக்கு மட்டும் ஏன் இந்தக் கணக்கு? அவள் அதற்குள் அடுத்ததற்குப் போய்விட்டாள்.

"அங்க கடைப் போன் இப்ப ஃப்ரீயா இருக்கு" என்றாள். "அத்தை போன் பக்கத்துலயே உக்காந்திருக்கு. தூத்துக்குடிக்காரங்க அடிப்பாங்க. மகன்தான்னு நினைச்சு அதுவே எடுக்கும்."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அந்த நம்பரைக் கொடுத்தவளே இவள்தான்.

உடனே ஏஜெண்டு ஆபீஸுக்கு அடித்தாள். எங்கேஜ். மறுபடியும் அடித்தாள். எங்கேஜ். அந்தக் கப்பலில் வேலை பார்த்தவர்களின் வீட்டார் எல்லாரும் அங்கேதான் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். செல்வத்தை எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு அனுப்பி, "விடாம அடி. கிடைச்சா, கடை நம்பருக்குச் சொல்ல வேண்டாம், நானே சொல்லிக்கிடுதேன்னு சொல்லு" என்றாள். பிறகு அண்ணாச்சியிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, காரு வேணும். அத்தை தனியா கடை வாசல்ல நின்னு போன்ல கேக்கக்கூடாது. நான் போய்ச் சொல்லணும்."

"நானே ஓட்டுதேன், வாம்மா" என்றார் அண்ணாச்சி. சாவியைத் தேடினார்.

அக்கா ஆபீஸ் போனில் கடை நம்பரைச் சுழற்றினாள். அங்கே மணி அடிக்க ஆரம்பித்ததும் ரிசீவரை என் கையில் திணித்தாள்.

"நான் போய்ச் சேர்ற வரைக்கும் வைக்காதே. இந்த லைன் ஃப்ரீ ஆகக்கூடாது."

"என்ன பேச அக்கா?"

"உனக்கா தெரியாது" என்றாள். கூடையை எடுத்தாள், கைப்பையை எடுத்தாள், மழையில் இறங்கிவிட்டாள்.

நான் வாயாடி. பஸ்ஸில் பேட்டை தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரியின் மூன்று தலைமுறையைக் கேட்டு முடித்துவிடுகிறவள். அன்று முதல் வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் "அலோ, அலோ, மக்கா, நீயா?" என்று குரல் வந்தது.

"நான் அக்காகூட வேலை பாக்குற பிள்ளை அம்மா" என்றேன். "நல்ல சேதி கேட்டு எங்களுக்கெல்லாம் சந்தோசம். நாங்க யாரும் உங்க மகனைப் பாத்ததே இல்ல. அவரைப் பத்திச் சொல்லுங்களேன்."

இப்படி அந்த அம்மாவிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. சொன்னாள். சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகாமல் வள்ளத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டது. முதல் சம்பளத்தில் அவளுக்கு அலமாரி வாங்கிப் போட்டது. நண்டு ஆக்கினால் குசினியை விட்டு நகர மாட்டானாம், சட்டியிலேயே கை வைப்பானாம். கிறிஸ்மசுக்கு வந்தால் ஆக்கிப்போட இரண்டு கோழி வளர்க்கிறாளாம். நான் ம் என்றேன். அப்படியா என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்த என் வாயை அறைய வேண்டும் போல இருந்தது.

நடுவில் யாரோ போன் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். "செத்த இரும்வே, சந்தோசமாப் பேசிக்கிட்டு இருக்கேன்" என்று அவரை விரட்டினாள். பிறகு என்னிடம், "காசு ஓடுமே மக்கா" என்றாள்.

"அண்ணாச்சி காசுதான் அம்மா. ஓடட்டும்."

"அவன் முன்னால ரொம்பச் சோம்பேறி தெரியுமா? கயித்துல ஒத்த முடிச்சுப் போடவே நூறு தடவை சொல்லணும். இவ வந்துதான் அவனுக்கு எல்லாத்துலயும் ரெண்டு முடிச்சு போடப் பழக்கினா. இனி எனக்கு என்ன பயம்?"

செல்வம் நனைந்துபோய் வாசலில் வந்து நின்றான். கையை விரித்துக் காட்டினான். இன்னும் எங்கேஜ். மறுபடியும் பூத்துக்கு ஓடினான். நான் கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன். கார் ஸ்ரீவைகுண்டம் தாண்டியிருக்கும், ஆழ்வார்திருநகரி தாண்டியிருக்கும், திருச்செந்தூர் ரோட்டில் எங்கேயாவது தண்ணீர் நின்றால் என்ன செய்வார்கள் என்று உள்ளுக்குள் ஓடியது. காதில் அந்த அம்மா மகனுக்கு அம்மை போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தை நான் அவளுக்குக் கொடுத்தேனா, அல்லது அவளை உட்கார வைத்து ஏமாற்றினேனா? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. அக்காவிடம் கேட்டிருக்கலாம். அவள் அதற்குப் பிறகு ஆபீஸுக்கு வரவில்லை.

"மழை விட்டுட்டு இங்க" என்றாள் அந்த அம்மா. "இரு மக்கா, ஏதோ காரு ஒண்ணு வந்து நிக்குது."

நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அட, நம்ம மருமவ. யாரு கூட வந்திருக்கான்னு தெரியல. சேதி கேட்ட சந்தோசத்துல வேலையைப் போட்டுட்டு ஓடியாந்துட்டா பாரேன். இந்தா, பைய வா, வழுக்கும். உன் கூட்டுக்காரிதான் போன்ல இருக்கா, நல்ல பிள்ளை, இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தா. இந்தா, நீயும் பேசு."

ரிசீவர் கை மாறுகிற சத்தம்.

"வந்துட்டேன் ஏட்டி" என்றாள் அக்கா. "நீ வச்சிரு."

வைத்துவிட்டேன்.